எங்கே போகிறாய் என்று கேட்கும் சாலை

சென்னை மாகாண சட்டமன்றத்தில் 1924-ஆம் ஆண்டு ஒரு தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரத்திலும் உள்ள பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொது அலுவலகங்களுக்குள் போகலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம், அதற்கு ஆட்சேபணை கிடையாது. சாரம் இவ்வளவுதான். அரசு அதை ஏற்று அந்த ஆண்டு செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியிட்டது.

இந்த உரிமைக்காகச் சட்டமன்றத்தில் ஓயாமல் பேசியவர்கள் இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும். சீனிவாசன் செங்கல்பட்டு மண்ணின் பிள்ளை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். 1893-இல் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பெயர் வைத்து நடத்தியவர். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர். லண்டன் வரை போய்வந்த அந்த மனிதருக்குத் தன் சொந்த மாவட்டத்தின் தெருக்களில் நடக்க ஓர் அரசாணை தேவைப்பட்டது.

"நடக்கலாம்" என்று அரசாங்கம் எழுதித் தர வேண்டியிருந்ததே, அதற்கு முன்பு தெருவை அடைத்து வைத்திருந்தது எது? பெரும்பாலான ஊர்களில் சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. திண்ணை இருந்தது. திண்ணையில் ஆள் இருந்தார். "யார்டா அது? எங்கடா போற?" என்ற கேள்வி இருந்தது. கேட்பவருக்கு உன் அப்பாவைத் தெரியும், நீ எந்தப் பண்ணையில் வேலை செய்கிறாய் என்று தெரியும், சாயங்காலத்துக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஊர் என்பதே ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் ஏற்பாடு. அந்த அடையாளம் தெரிவதுதான் சாதியின் காவல்துறையாக இருந்தது. கிராமத்தைப் புகழ்ந்தவர்கள் மீது அம்பேத்கருக்கு ஏன் அத்தனை கோபம் என்பதை இந்தத் திண்ணையிலிருந்து பார்த்தால் புரியும்.

அரசாணை வந்த பிறகும் திண்ணை காலியாகவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போ என்றார்கள். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றார்கள். சைக்கிள் போய் பைக் வந்ததும் பைக்கையும் தள்ளச் சொன்னார்கள். இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தேதி: 2025 பிப்ரவரி. சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அந்த வண்டியின் எண் என்ன என்று வெட்டியவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஓட்டியவர் யார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

நெடுஞ்சாலை நமக்கு என்னவாக இருந்தது என்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகருக்கோ மகேந்திரா சிட்டிக்கோ ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளியை எந்தத் திண்ணையும் கேள்வி கேட்பதில்லை. 2002-இல் சுங்கச் சாலையாக மாறிய கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை பைக்கில் போகும் இரண்டு பேரின் சாதி பக்கத்தில் போகும் காருக்குத் தெரியாது. ஹெல்மெட் போட்டால் முகமும் தெரியாது. வண்டியின் பின்னால் இருப்பது டி.என். 19 என்று தொடங்கும் ஓர் எண். அது செங்கல்பட்டு ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. அந்த எண்ணில் ஊரும் இல்லை, சேரியும் இல்லை. நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் சாதிப் பட்டத்தை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பெயரில்லாத்தனம் பிடிக்கவில்லை போலும். நமக்கு அது பெரிய வரவு.

வண்டிக்கு எண் கொடுக்கும் வழக்கம் 1914-இன் மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்தே இந்தியா முழுக்க இருக்கிறது. 1939-இல் ஒரு சட்டம், இப்போது நடைமுறையில் இருக்கும் 1988 சட்டம் என்று வளர்ந்தது. இடித்துவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்க எண் வேண்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும், ஒரு காவலர் ஒரு நாளில் எத்தனை எண்களைப் படித்து நினைவில் வைக்க முடியும்? பத்து, இருபது? மனிதக் கண்ணின் இந்த இயலாமைதான் இத்தனை காலம் சாலையில் போகிறவரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றியது. சட்டம் எதுவும் காப்பாற்றவில்லை.

அந்த இயலாமை இப்போது தீர்ந்துவிட்டது. எண் பலகை படிக்கும் கேமராவை ஏ.என்.பி.ஆர். என்கிறார்கள். கம்பத்தில் இருக்கும் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிக்கும். பலகை அதைத் திருப்பி அனுப்பும். மென்பொருள் அந்தப் படத்திலிருந்து எழுத்தையும் எண்ணையும் பிரித்தெடுத்து, நேரம், இடம், வண்டி போன திசை ஆகியவற்றோடு ஒரு வரியாக எழுதி வைக்கும். பிறகு தன்னிடம் உள்ள ஒரு பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் அந்த எண் இருந்தால் அடுத்த சந்திப்பில் உள்ளவருக்குத் தகவல் போகும். பகலோ இரவோ, வண்டி எத்தனை வேகமாகப் போனாலும், இது எல்லா வண்டிக்கும் நடக்கும். பிரிட்டிஷ் காவல்துறையின் ஆய்வுப் பிரிவு 1976-இல் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. 1981-இல் திருட்டுக் கார் ஒன்றை இதை வைத்துப் பிடித்தார்கள். நம் பக்கம் சென்னை அண்ணா நகர் சந்திப்புகளில் 2019-இல் சிக்னல் மீறலுக்கு அபராதம் போட வந்தது. திருட்டு வாகனப் பட்டியலோடு எண்ணை ஒப்பிடும் ஏற்பாடு அதன் பின்னால் வந்தது.

தோழர்களே, கேமராவை விட அந்தப் "பட்டியல்" என்ற சொல்லைத்தான் நான் உற்றுப் பார்க்கச் சொல்வேன். நம் மக்களுக்கும் அந்தச் சொல்லுக்கும் நீண்ட உறவு உண்டு.

1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் திருத்தி எழுதப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. ஒரு சமூகத்தை அரசு குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. பெயரைப் பதிய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். தென் மாவட்டத்தில் இன்றும் முதியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். சொன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆக, சாலையில் போகிறவர் தான் யார், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் சுடப்பட்டது பலருக்கும் தெரிந்த வரலாறு. அதிகம் பேசப்படாத வரலாறு ஒன்றும் இருக்கிறது. தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களை அசீஸ் நகர் என்ற குடியிருப்பில் வைத்துக் கண்காணித்தார்கள். குறவர்களின் கதை எல்லா மாவட்டத்திலும் உண்டு. தீண்டாமையும் குற்றப் பட்டமும் ஒரே உடம்பில் ஒட்டிக்கொண்ட இடம் இது. நம் வரலாற்று நூல்களிலும் இதற்கு இன்னும் போதிய பக்கங்கள் கிடைக்கவில்லை.

சென்னை மாகாணம் 1947-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நாடு முழுவதும் 1952-இல் ரத்தானது. ஆனால் சென்னையில் மறு ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சமூகத்தின் பெயரை அடித்துவிட்டு, காவல் நிலையத்தின் நோட்டு அப்படியே இருந்தது. நாம் இன்றும் திட்டுவதற்குப் பயன்படுத்தும் "கேடி" என்ற சொல்லே காவல்துறையின் பழைய பதிவேட்டுச் சுருக்கெழுத்திலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. நோட்டின் பெயர் மனிதனின் பெயராகிவிட்டது!

இந்த நோட்டுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் விரிவாகப் பேசியது 1962-இல், கரக் சிங் வழக்கில். இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது தவறு என்றது. ஒருவரின் போக்குவரத்தைக் காவல்துறை பின்தொடர்ந்து குறித்து வைப்பதால் அவருடைய உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அந்தரங்கம் என்றொரு அடிப்படை உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். பின்தொடரப்படுகிறோம் என்று தெரிந்த மனிதனால் சுதந்திரமாக நடமாட முடியாது என்பது அவர் வாதத்தின் மையம். அது சரியென்று ஆக 55 ஆண்டுகள் பிடித்தன. 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். கரக் சிங் தீர்ப்பில் அந்தரங்க உரிமையை மறுத்த பகுதி செல்லாது என்றார்கள். 2024 மே மாதத்தில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹிஸ்டரி ஷீட் என்ற கண்காணிப்புப் பதிவேடுகளில் விளிம்புநிலைச் சமூகத்தவர் பெயர்கள் இயந்திரத்தனமாக ஏற்றப்படுவதை மாநிலங்கள் ஆராய வேண்டும் என்று சொன்னது. பட்டியலில் யார் அதிகம் இருக்கிறார்கள் என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்த விஷயம்தான்.

கேமராவுக்குச் சாதி தெரியாது என்று சொல்வார்கள். உண்மைதான். எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பழைய நோட்டு. நோட்டுக்குச் சாதி நன்றாகத் தெரியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாட்டின் விஷமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தரும் சங்கம் அது. மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அதே இருளர்கள்தான் வட மாவட்டங்களில் துப்புத் துலங்காத திருட்டு வழக்குகளில் பிடித்துப் போடப்படுகிறார்கள் என்பதை மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்து வருகின்றன. வழக்கு ஒன்று இருந்தால் பெயர் நோட்டில் ஏறும். நோட்டில் பெயர் ஏறிய இளைஞன் தவணைக்கு ஒரு பைக் வாங்கினால், அந்த எண் பட்டியலுக்குப் போக எத்தனை தூரம்? அப்படிப் போனால் அவனுக்கு யார் சொல்வார்கள்? 1871 சட்டத்தில் அறிவிப்பையாவது அரசிதழில் போட்டார்கள்.

மாமல்லபுரம் கடற்கரை, பார்க்கப்படுவதற்கென்றே தயார் செய்யப்படும் இடம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது ஊர் முழுக்கக் கேமரா வைத்தார்கள். 2022-இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்த இரண்டு விழாக்களுக்கும் நடுவே, 2021-இல், அதே பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருவர் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்காரவிடவில்லை என்று பேசிய காணொளி வெளியானது. அமைச்சர் வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முதல்வர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்லது. பந்தியிலிருந்து எழுப்பப்பட்டதை உலகுக்குச் சொன்னது எந்தக் கேமரா என்று கவனியுங்கள். கம்பத்தில் இருந்தது அல்ல, கைப்பேசியில் இருந்தது. பாசி மணி விற்கிறவர்கள் சுற்றுலாத் தலத்தில் "சந்தேகத்துக்கு இடமான நபர்" ஆவதற்கு ஒரு காவலரின் மனநிலையே போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது ஈ.சி.ஆரில் போகும் அந்த இரண்டு பேரைப் பற்றி. சாதி மீறிக் காதலிக்கிறவர்களுக்கு இந்தக் கடற்கரைச் சாலை வெறும் பொழுதுபோக்கு இல்லை. சில சமயம் அது தப்பிக்கும் வழி. பெண் வீட்டார் செய்யும் முதல் காரியம் "பெண் காணவில்லை" என்று புகார் கொடுப்பது. புகார் வந்துவிட்டால், பையனின் வண்டி எண்ணைத் தேடக் காவல் நிலையத்துக்குச் சட்டப்படியே காரணம் கிடைத்துவிடுகிறது. தேடிக் கிடைத்த இடம் யார் காதுக்குப் போகும்? ஆணவக் கொலைகளை ஒட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னதற்குக் காரணமே, சாதாரணக் காவல் நிலையத்தை நம்பிப் போன ஜோடிகளுக்கு நேர்ந்த கதிதான். முன்பெல்லாம் வண்டியை யார் எங்கே பார்த்தார்கள் என்று சாதிக்காரர்கள் நாலு ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும். எண் படிக்கும் கேமரா வரிசையாக இருந்தால் ஒரு போன் போதும். அதை எடுக்கிறவரும் சொந்தக்காரராக இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

காரில் போனாலும் தப்பில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயம். பரனூர் டோல்கேட்டைத் தாண்டிய நொடியில் நேரமும் இடமும் பதிவாகும், கணக்கு யார் பெயரிலோ அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். கார் அப்பா பெயரில் இருந்தால் அப்பாவுக்குப் போகும். இதே பரனூரைப் பற்றி 2023-இல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை, குறிப்பிட்ட காலத்தில் கடந்த வாகனங்களில் பாதிக்கு மேல் கட்டண விலக்கு பெற்ற வி.ஐ.பி. வகையாகக் கணக்கு எழுதப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. எல்லோரையும் பதிவு செய்யும் சாலையில் யாருக்குச் சலுகை என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

சேர்த்து வைத்த தகவலை அரசு பூட்டி வைக்கும் என்று நம்புகிறீர்களா? வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுத்தளங்களை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் கொடுத்து 65 கோடி ரூபாய் சம்பாதித்ததாக 2019 ஜூலையில் ஒன்றிய அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தரங்கம் பற்றிய கேள்விகள் எழுந்து 2020 ஜூனில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். கொடுத்தது கொடுத்ததுதான். தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் மென்பொருள் தளத்தில் 2024 மே மாதம் வெளியாள் ஊடுருவியதும் நடந்த கதை.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பஞ்சமி நிலத்தின் கதை தொடங்கியதே செங்கல்பட்டில்தான். இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் அதையொட்டி 1892-இல் வந்த ஆணையும் அதன் மூலம். காரணையில் அந்த நிலத்தை மீட்கக் கிளம்பியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அவர்கள் நினைவுக்கு வேனிலும் பைக்கிலும் போகிறோம். பரமக்குடியில் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: வாடகை வண்டி கூடாது, சொந்த வண்டி எண்ணைக் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், குறித்த பாதையில்தான் போக வேண்டும். தேவர் ஜெயந்திக்கும் இப்படிக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எண்ணை நாம் எழுதிக் கொடுக்கிறோம். கேமரா இருந்தால் கேட்கவே வேண்டாம். எந்த நினைவு நாளுக்கு எந்த ஊரிலிருந்து எத்தனை வண்டி வந்தது, அதே வண்டி போன மாதம் எந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போனது என்பதெல்லாம் தானாகச் சேரும்.

இந்த இடத்தில் ஒரு தோழர் எழுந்து, "கேமரா வேண்டும் என்று கேட்டதே நாம்தானே?" என்று கேட்பார். நியாயமான கேள்வி, சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். 2015 ஜூன் 23-இல் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜை அழைத்துப் போனவர்களைக் காட்டியது கோயிலின் கேமரா. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் 2022-இல் தண்டனை கிடைத்ததிலும், 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததிலும் அந்தக் காட்சிகளுக்குப் பெரிய இடம் உண்டு. நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டதை நாடே பார்த்ததும் தெருக் கேமராவால்தான். சாட்சி சொல்ல ஊரே பயப்படும் நாட்டில், பயப்படாத ஒரு சாட்சி நமக்கு வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். கோயில் வாசல் கேமரா ஓர் இடத்தைப் பார்க்கிறது. அங்கே ஒன்று நடந்தால் திரும்பப் போய்ப் பார்க்கலாம், நடக்காவிட்டால் சில நாளில் அழிந்துவிடும். எண் படிக்கும் கேமராக்களை ஒரே சேமிப்பில் இணைத்தால் அது இடத்தைப் பார்ப்பதில்லை. ஆளைப் பின்தொடர்கிறது. இணைந்த கேமராவும் நமக்கு உதவலாமே, கொலைகாரர்களின் காரைப் பிடிக்கலாமே என்றால், பிடிக்கலாம். அதற்குத் தேவை குறிப்பிட்ட வழக்கில், குறிப்பிட்ட எண்ணை, எழுத்துப்பூர்வமான உத்தரவோடு தேடுவது. ஒரு குற்றமும் செய்யாத லட்சம் பேரின் போக்குவரத்தை மாதக்கணக்கில் குவித்து வைக்க அது காரணம் ஆகாது. தகவல் யார் மீது திரும்பும் என்பதற்கு வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களிடமே மரபணுச் சோதனைக்கு மாதிரி கேட்டார்கள். 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்த ஊர்த் தலித்துகள் மூவரையே குற்றம் சாட்டியது.

வெளிநாட்டில் இந்தச் சண்டை ஏற்கெனவே நடந்திருக்கிறது. பர்மிங்காம் நகரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் இரண்டு பகுதிகளைச் சுற்றி 200-க்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்தார்கள். அதில் பெரும்பாலானவை எண் படிப்பவை, 72 மறைத்து வைக்கப்பட்டவை. குற்றத் தடுப்பு என்றுதான் மக்களிடம் சொன்னார்கள். பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது 2010-இல் அம்பலமானது. மக்கள் விடவில்லை, மறு ஆண்டு கேமராக்களைக் கழற்றினார்கள். அமெரிக்காவின் அரோரா நகரில் 2020 ஆகஸ்டில் எண் படிக்கும் கருவி ஒரு கறுப்பினக் குடும்பத்தின் காரைத் திருட்டு வண்டி என்று காட்டியது. உண்மையில் அதே எண் கொண்ட வேறு மாநில மோட்டார் சைக்கிள்தான் திருடு போயிருந்தது. சிறுமிகளையும் தரையில் குப்புறப் படுக்க வைத்தது போலீஸ். கருவியின் பிழை எல்லோருக்கும் ஒரே மாதிரி நேரலாம். அதன் பின் நடப்பது ஆளுக்கு ஆள் மாறும். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008-இல் இரண்டு மாநிலங்களின் எண் படிக்கும் சட்டங்களை ரத்து செய்தது. 2018 டிசம்பரில் ஒரு படி மேலே போய், பட்டியலோடு பொருந்தாமல் உடனே அழிக்கப்படும் வண்டியின் விஷயத்திலும் அந்தச் சோதனையே உரிமையில் தலையீடுதான் என்றது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பொருந்தாத எண்ணை மூன்று நிமிடத்துக்குள் அழிக்க வேண்டும் என்பது சட்டம். மாதங்களும் இல்லை, நாட்களும் இல்லை, மூன்று நிமிடம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 136ஏ பிரிவு, 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி. எண் படிக்கும் கேமராவை அந்த விதி பெயர் சொல்லி அனுமதிக்கிறது. கருவிக்குச் சான்றிதழ் வேண்டும், மீறலுக்கான அறிவிப்பு 15 நாட்களுக்குள் வர வேண்டும், வழக்கு முடியும்வரை பதிவைக் காக்க வேண்டும் என்கிறது. மீறலே செய்யாமல் கடந்து போன வண்டியின் பதிவை எப்போது அழிக்க வேண்டும்? அதைப் பற்றிப் பேச்சில்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்பீர்கள். அதன் 17-ஆம் பிரிவு, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்குத் தர ஒன்றிய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு ஒன்றையும் சுருக்கிவிட்டது. நம் தகவல் அவர்களுக்குப் போகும், அவர்கள் தகவல் நமக்கு வராது.

இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது. தனிநபர் பெயர் எதையும் கேட்காத மனுவை மறுக்க அவர்களுக்கும் காரணம் குறைவு. செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறைக்கும், தாம்பரம் ஆணையரகத்துக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையை நடத்தும் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். எத்தனை எண் படிக்கும் கேமரா, எந்த உத்தரவின்படி, பதிவு எத்தனை நாள் இருக்கும், பட்டியலில் எண்ணைச் சேர்க்க யாருக்கு அதிகாரம், எடுக்க யாருக்கு, தேடியவர் யார் என்று பதிவாகிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி கலெக்டர் தலைமையில் கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவிலும் ஒரு கேள்வி எழுப்பலாம்: சாதி மீறிய திருமண ஜோடிகளின் வண்டி எண்ணைத் தேடும்போது சிறப்புப் பிரிவின் அனுமதி கேட்கப்படுகிறதா? குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்பதும் அப்படியே தெரிந்துவிடும்.

இன்னொரு வேலை பைக் வைத்திருக்கும் மாணவர்களுக்கு. எண் படிக்கும் கேமரா உட்பட மின்னணுக் கருவி வைத்துக் கண்காணிக்கும் சாலைப் பகுதிக்கு முன்னால், அது தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அதே 167ஏ விதி சொல்கிறது. உத்தண்டி டோல்கேட்டிலிருந்து மாமல்லபுரம் வரை, அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் பரனூரிலிருந்து மதுராந்தகம் வரை, எங்கெங்கே கேமரா இருக்கிறது, எங்கெங்கே பலகை இருக்கிறது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து எழுதிவிடலாம். தேதியும் கிலோமீட்டர் கல்லின் எண்ணும் குறித்து வையுங்கள். மனுவோடு இணைக்க உதவும்.